கூடைப்பந்து ஆடிய மாணவர் கல்லூரியில் பி.டி. (உடற்கல்வி இயக்குநர்) ஆவதற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் மாணவர்கள் பலருக்கு, படிப்பு முடிந்ததும் ஏதாவதொரு கல்லூரியின் உடற்கல்வித் துறையிலேயே சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. நல்ல ஆசை. ஆனால் மூன்றாமாண்டுக் கடைசியில் அதை யோசிக்கத் தொடங்கினால் பாதி வாய்ப்பு போய்விடுகிறது. ஆடுகிற காலத்திலேயே இந்த வேலையைக் கல்லூரிகள் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதலில் சான்றிதழ். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர், அதற்கான சான்றான படிவம் 3-ஐ அந்த ஆண்டே வாங்கிவிட வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர், கல்லூரி பி.டி.யின் கையெழுத்து போதாது. நம் பக்கம் அதிகம் சிக்கல் தருவது இனிஷியல்தான். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும், போட்டிச் சான்றிதழில் பின்னால் இருக்கும். சிலருக்கு அணியில் கூப்பிடும் சுருக்கப் பெயரே அச்சாகிவிடும். நான்கு வருடம் கழித்து இதைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு.

அடுத்தது படிப்பு. ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சி முடித்தால் கல்லூரி வேலை கிடைக்கும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ பயிற்சியாளர் பணிக்கு உரியது. கல்லூரிப் பணிக்கு, 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, 55 விழுக்காட்டுடன் எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலைப் பட்டம்), அதோடு பிஎச்.டி. இல்லாதவருக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பட்டப்படிப்புக்குப் பிறகு பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) 2 ஆண்டு, எம்.பி.எட். 2 ஆண்டு. உடற்திறன் தேர்வும் உண்டு: 30 வயதுவரை ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். ஆடியவர்களுக்கு இது பெரிதல்ல. அவர்களை நிறுத்துவது நெட் தேர்வின் முதல் தாள். 50 கேள்விகள், கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு வாசிப்பு. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகள் எம்.பி.எட். முதல் நாளிலிருந்தே அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

வேலை என்று வந்துவிட்டால், நன்றாக ஆடிய கையே, போட்டியின் புள்ளிகளைக் குறிக்கும் ஸ்கோர்ஷீட்டில் தடுமாறுகிறது. இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு உள்ளே நிரப்பிய சிறு வட்டம், மூன்று புள்ளிக்குச் சாய்கோட்டோடு வீரர் எண்ணைச் சுற்றி வட்டம். இதில் ஒன்று மாறினாலும் கடைசி நிமிடத்தில் சண்டைதான். ஒரு அணி பந்தை வளையத்துக்கு எறிய வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரமான ஷாட் கிளாக்கில் இருப்பவர் செய்யும் தவறுகள் இரண்டு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி அதே அணியிடம் வந்தால் 14 விநாடி. பழக்கதோஷத்தில் 24 போட்டுவிடுகிறார்கள். வளையத்தைத் தொடாத பந்தை அதே அணி பிடித்தால் கடிகாரம் தொடர்ந்து ஓட வேண்டும், அதையும் மாற்றிவிடுகிறார்கள். இவை, ஸ்கோர்ஷீட்டும் கடிகாரமும் பார்க்கும் அலுவலர் மேசையில் உட்கார்ந்து பழகினால்தான் வரும்.

களப் பராமரிப்பு டெல்டாவில் தனிப் பாடம். நம் களிமண் ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிறது. கான்கிரீட் தளம் வெடிக்கிறது. கோடையில் விரிசல் அகலமாக இருக்கும்போது சிமெண்ட் கலவையை அடைத்தால், மழைக்கு மண் உப்பி ஓரங்கள் பெயரும். நெகிழும் சீலன்ட் போட வேண்டும். தளத்துக்கு மேல் 5 செ.மீ. புது அடுக்கு போட்டுவிட்டுக் கம்பத்தை உயர்த்தாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. 3.05 மீட்டரில் இருந்த வளையம் 3 மீட்டருக்கு வந்துவிடும், அதில் பழகியவர் வெளியூர்ப் போட்டியில் குறி தவறுவார். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் டேப் வைத்து அளப்பது உடற்கல்வித் துறை ஊழியரின் வேலை.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டு முதல், உங்கள் களத்தில் நடக்கும் ஒவ்வொரு போட்டியிலும் இரண்டாம், மூன்றாமாண்டு வீரர், வீராங்கனைகளில் சிலரை மேசையில் உட்கார வையுங்கள். வெளியிலிருந்து வரும் மேசை அலுவலருக்குக் கொடுக்கும் படியை அவர்களுக்கும் கொடுங்கள். விளையாட்டுப் பொருள்களின் இருப்பைக் குறிக்கும் ஸ்டாக் ரெஜிஸ்டரை ஒரு பருவம் அவர்கள் கையால் எழுத விடுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வித் துறையினர் சிலர்,
கும்பகோணம்.