கிடையில் பெண்களுக்குச் சமையல் மட்டும்தான் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டாவில் ஆட்டுக்கிடை போடுவதை, அதாவது எருவுக்காக வயலில் ஆட்டு மந்தையை இரவில் அடைத்து வைப்பதைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் தஞ்சைப் பக்கம் போவது, கிடை போட்ட வயலுக்கு உரச் செலவு குறைவது எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பெண்கள் சமைத்துக் கொடுத்து ஆண்களுக்குத் துணையாக இருக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

நான் கீதாரி வீட்டுப் பெண். காலையில் ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு போனபின் கிடையில் இருப்பது பெண்களும் இளங்குட்டிகளும்தான். கூட்டில் அடைத்த குட்டிகளுக்குக் குழை ஒடித்துப் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், கழிச்சல் கண்டதைத் தனியே பிரிக்க வேண்டும், நாய் அண்டாமல் காவல் இருக்க வேண்டும். பொழுது சாய மந்தை திரும்பினால், எந்தக் குட்டி எந்த ஆட்டினுடையது என்று பார்த்து ஊட்டவிடுவது என் அம்மா. தலையீத்து ஆடு சில சமயம் குட்டியைச் சேர்க்காமல் முட்டித் தள்ளும். அதை முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, காம்பைக் குட்டியின் வாயில் வைப்பார். குட்டி பிழைத்தால்தானே ஐயா மந்தை பெருகும்?

ஆனால் கிடைக்கூலி பேசுவதும் வாங்குவதும் ஆண்கள். ஆடு விற்ற பணத்தை எந்த வியாபாரியும் அம்மா கையில் கொடுத்ததில்லை. ஆட்டுக் கடனுக்கு மனு கொடுக்கப் போனவரை, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டவெளி வயலில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. இருட்டோடு போய்வர வேண்டும், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். என் தம்பி பிறந்ததே ஒரு கிடையில்தான். அப்புறம் அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அம்மா குழை ஒடித்தார்.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் விவசாயிகளுக்கான ஆண்டும் அதேதான். இரண்டிலும் சேர வேண்டியவர்கள் எங்கள் அம்மாமார். உங்கள் கட்டுரையில் அவர்களில் ஒருவர்கூடப் பேசவில்லை.

அடுத்தமுறை கிடைக்கு நிருபரை அனுப்பினால், பொழுது சாயும் நேரத்தில் வந்து குட்டி ஊட்டி முடியும்வரை இருக்கச் சொல்லுங்கள். எங்கள் பெண்களிடமும் நாலு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இளையான்குடி வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.