விண்டோஸ் 10: 'ஆதரவு முடிந்தது' என்றால் கணினி முடிந்தது என்று பொருளல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான 'ஆதரவு' 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தவர்கள் பலர், அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டே என் கடைக்கு வந்து, தங்கள் வீட்டுக் கணினி இனி ஓடுமா, ஓடாதா என்று கேட்டார்கள். விருதுநகரில் 22 ஆண்டுகளாகக் கணினி சர்வீஸ் கடை நடத்தி வருகிறேன். ஒரே கேள்வியை இத்தனை பேர் இவ்வளவு கலக்கத்தோடு கேட்டு நான் கண்டதில்லை. செய்தியில் இருந்த தேதியும் சரி, தகவலும் சரி. அதிலிருந்த 'ஆதரவு' என்ற சொல்தான் அவர்களைக் கலங்க வைத்தது.

நம் வழக்கில் ஆதரவு என்பது விழாமல் தாங்கிப் பிடிப்பது. ஆதரவற்றோர் இல்லம் என்கிறோம். ஆதரவு வாபஸானால் ஆட்சியே கவிழ்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஒருவர் 'விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது' என்று படித்தால், மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தும்போது கணினி எழுந்திருக்காது என்றுதான் நினைப்பார். உண்மையில் நடந்தது வேறு. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தது முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படித் தாமாக வந்துகொண்டிருந்த திருத்தங்கள் இப்போது நின்றுவிட்டன. கணினி எப்போதும்போல் ஓடும், கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும், பிரின்டர் வேலை செய்யும். 'பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது' என்று செய்தியில் ஒரு வரி இருந்திருந்தால் பாதிப் பேர் கலங்கியிருக்க மாட்டார்கள்.

அதற்காகத் திருத்தம் நின்றதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய வன்னாக்ரை என்ற தாக்குதல், கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தைப் போடாமல் விட்ட கணினிகள்தாம். ஆகவே அக்டோபர் 14-க்குப் பிறகு எதுவும் செய்யாமல், பழையபடி வங்கிக் கணக்கையும் வருமான வரியையும் அதே கணினியில் பார்த்துக்கொண்டிருப்பது, பூட்டு பழுதான வீட்டில் நகையை வைத்திருப்பதற்குச் சமம். வீட்டை இடிக்க வேண்டியதில்லை. பூட்டை மாற்ற வேண்டும்.

அந்தப் பூட்டு இன்னும் ஓராண்டுக்குக் கிடைக்கிறது என்பதைத் தங்கள் செய்தி சொல்லவில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டித்துத் தரும் ஏற்பாடு ஒன்றை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றின் வழியே, நிர்வாகி உரிமையோடு உள்நுழைந்திருக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்வதற்கான இணைப்பு தெரியும். கணினியின் அமைப்புகளை ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் கிடையாது. அதில் விருப்பமில்லாதவர்கள் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான நம் பணத்தைச் செலுத்தலாம். ஒரு முறை செலுத்தினால் ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை பயன்படுத்திக்கொள்ளலாம். இன்றுவரை பதிவு செய்யாதவர்களும் இடையில் சேரலாம். விட்டுப்போன திருத்தங்களும் சேர்ந்தே வரும். என் கடைக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். 2019-இல் வாங்கிய கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு வேறொரு கடையில் அதைக் காட்டியிருக்கிறார். விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று சொல்லி, புதிய கணினிக்கு 48,000 ரூபாய்க்கு விலைச்சீட்டு எழுதிக் கொடுத்து, பழையதை 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் என்பதால் மட்டும் அவர் யோசித்திருக்கிறார். "ஏறாதுன்னு அவங்க சிஸ்டத்துலயே காட்டினாங்க தம்பி, சிவப்புல எழுதி வந்துச்சு" என்றார்.

சிவப்பில் வந்தது பொய்யில்லை. அந்தக் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் காண முடியவில்லை என்றுதான் வந்திருந்தது. விண்டோஸ் 11 அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆனால் அவருடைய கணினியில் இருந்தது இன்டெல் ஐ5-9400, ஒன்பதாம் தலைமுறைச் சிப். அந்தத் தலைமுறைக் கணினிகளில் டிபிஎம் உள்ளடங்கியே வருகிறது. பல மதர்போர்டுகளில் அதை அணைத்து வைத்தே விற்றார்கள் என்பதுதான் சிக்கல். கணினியைப் போட்டவுடன் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் போனேன். பாதுகாப்புப் பிரிவில் பிடிடி (டிபிஎம்முக்கு இன்டெல் வைத்திருக்கும் பெயர்) என்ற வரி முடக்கப்பட்ட நிலையில் இருந்தது. அதை இயக்கி, சேமித்து வெளியே வந்து, அதே சோதனையை மறுபடி ஓட்டியபோது எல்லா வரியும் பச்சையில் வந்தது. ஐந்து நிமிட வேலை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்று முறை அந்தத் திரையைப் படித்தார். விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறியது. அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம். எதுவென்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. 48,000 ரூபாய் செலவாகிற கேள்விக்கு விற்பவரைத் தவிர வேறு யாரிடமும் பதில் கிடைக்காத நிலையில் அவர் இருந்தார் என்பதே என் வருத்தம்.

எந்தக் கணினி தேறும், எது தேறாது என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் சிப்பின் பெயர் இருக்கும். ஐ3, ஐ5, ஐ7 என்பதற்கு அடுத்து வரும் கோட்டுக்குப் பின் 2 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் அதன் முதல் இலக்கமே தலைமுறை. 1-இல் தொடங்கும் நான்கு இலக்கமோ, ஐந்து இலக்கமோ இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறை, அது புதியது. எட்டாம் தலைமுறையும் அதற்கு மேற்பட்டவையும் ஏறக்குறைய எல்லாமே விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. ஏஎம்டி சிப் வைத்திருப்பவர்களும், பென்டியம், செலரான் வைத்திருப்பவர்களும் மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

பயாஸில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூபில் பார்த்துவிட்டுத் தாமே செய்து மாட்டிக்கொண்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். சில மடிக்கணினிகளில், டிஸ்கில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸை மாற்றியதும் அது 48 இலக்கத் திறவுஎண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும்; அதை முதலிலேயே பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் முதல் பட்டா நகல் வரை அனைத்தும் பூட்டுக்குள் போய்விடக்கூடும். இன்னொன்று, பழைய முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் 'செக்யூர் பூட்' (Secure Boot) என்ற பாதுகாப்பு அம்சத்தை இயக்குவதற்காகப் பயாஸை யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாற்றினால் கணினி எழும்பாமல் போகும். அதற்கு முன் டிஸ்கின் அமைப்பை மாற்றியாக வேண்டும். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது என்றாலும், பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. எதைச் செய்தாலும், அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள்.

ஏழாம் தலைமுறையிலும் அதற்கு முன்பும் வந்த கணினிகளில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. வாடிக்கையாளரிடம் சொல்லாமல் அதைச் செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லையென்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எந்தத் திருத்தத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அதற்கே உறுதி இல்லாத வேலை அது. 24எச்2 பதிப்பு முதல், மிகப் பழைய கோர் 2 டுயோ போன்ற சிப்புகளில் விண்டோஸ் 11 எழும்பவே எழும்பாது.

அத்தகைய கணினிகளுக்கு வேறு வழி இருக்கிறது. எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், நான்காம் தலைமுறைச் சிப், 4 ஜிபி ரேம் உள்ள கணினியைக் கொண்டுவந்து, விண்டோஸ் 10 முடிந்ததால்தான் அது இப்படி நத்தைபோல் ஊர்கிறதா என்று கேட்டார். அது ஊர்ந்ததற்குக் காரணம் 2013-ஆம் ஆண்டு ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு சுமார் 2,000 ரூபாயில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கினேன். மேலே சொன்ன ஓராண்டு நீட்டிப்பிலும் பதிவு செய்துகொடுத்தேன். அதற்குப் பின்னும் அதே கணினி வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் அதில் தாராளமாக ஓடும். தமிழ் 99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. படிப்பு, இணையம், கடிதம் தட்டச்சு செய்தல் ஆகியவற்றுக்கு லினக்ஸ் போதும். ஆனால் டேலியில் கணக்கெழுதும் வணிகர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், டேலி அதில் நேரடியாக ஓடாது.

அந்த அக்காவின் கணினியில் எனக்கு அரை நாள் பிடித்தது எஸ்எஸ்டி மாற்றுவதில் அல்ல, எழுத்துருக்களில். பதினைந்து ஆண்டுகளாக அவர் அடித்துவைத்த மனுக்களும் திருமணப் பத்திரிகைகளும் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். அது கெடவில்லை, பழைய கணினியிலுள்ள எழுத்துருவை நகலெடுத்துப் புதியதில் நிறுவினால் போதும், அல்லது எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியை ஃபார்மட் செய்யக் கொடுக்கும் டிடிபி கடைக்காரர்கள், கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொள்கிறவர்களும் வந்துவிட்டார்கள். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பித்துத் தருகிறோம்" என்று தொலைபேசியில் பேசி, தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடப் பார்க்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தானாக யாரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. ஏமாந்து பணம் போனால் உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்புண்டு.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழில் வாரந்தோறும் மருத்துவக் கேள்வி பதில், சட்டக் கேள்வி பதில் வருகின்றன. வெளிவந்த நாள் முதல் அவற்றை நான் வெட்டி வைக்கிறேன். அதேபோல் கணினிக் கேள்விகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். பதில் எழுதுபவர் எதையும் விற்காதவராக இருக்கட்டும். 'ஆதரவு முடிவு' என்பதுபோல் அப்படியே பெயர்த்த சொல்லை விட்டுவிட்டு, என்ன நின்றது, எதுவரை கிடைக்கும், எங்கே அழுத்த வேண்டும் என்று எழுதட்டும். 2026 அக்டோபர் 13-ஆம் தேதி நெருங்கும்போது இதே கூட்டம் மீண்டும் எங்கள் கடைகளுக்கு வரும். அதற்கு முன் அந்தத் தேதியையும், இலவசப் பதிவுக்கான வழியையும், முதல் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடை உரிமையாளர்,
விருதுநகர்.