சுக்கான் போன நாளில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். சுக்கானைப் படகோடு பிடித்து நிறுத்தும் உலோக முளை நடுத்தண்ணீரில் முறிந்ததும், நாங்கள் இருவரும் பாயை வைத்தே கரை சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் எங்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டிய ஆட்கள் நீங்கள்தான்.

முதலில் எங்கள் பயிற்சி ஆசிரியர். சார், நல்ல சுக்கானைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு ஓட்டச் சொல்வீர்களே, அந்தப் பாடம்தான் எங்களைக் காப்பாற்றியது. படகு, அதன் நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் சென்டர்போர்டு என்ற பலகையை அச்சாக வைத்துச் சுழல்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் முன்பாயில் காற்று ஏறினால் அணியம், அதாவது படகின் முன்முனை, காற்றை விட்டு விலகும், பெரிய பாயை இழுத்துக் கட்டினால் பின்பக்கம் தள்ளுண்டு அணியம் காற்றை நோக்கி ஏறும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! முளை முறிந்ததும் படகு சரேலென்று காற்றுக்கு நேராகத் திரும்பி நின்றது, பாய் படபடவென்று அடித்தது. உங்கள் சொல்படி இரண்டு பாய்களின் கயிறுகளையும் தளர்த்தினோம். அணியம் ஒரு பக்கமாக விலகியதும் முன்பாயை இழுத்து நிறுத்தி, பெரிய பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தோம். ஒரு சாண் கயிறு இழுத்தால் போதும், அப்புறம் பொறுத்திருக்க வேண்டும். அணியம் நகரத் தொடங்கும்போதே அந்தச் சாணில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நகர்ந்து முடித்த பிறகு கொடுத்தால் படகு பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போகும். அந்தப் பொறுமை நீங்கள் பழக்கியது.

அடுத்து, கூட வந்த அக்கா. கயிறு என் கையில் இருந்தாலும் பாதி சுக்கான் நீங்கள்தான். காற்று போகும் பக்கம் படகு சாய்ந்தால் அணியம் காற்றுக்குள் ஏறும், காற்று வரும் பக்கம் சாய்ந்தால் விலகும். நான் வாய் திறப்பதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து அதைச் செய்தீர்கள். காற்றைத் தாண்டித் திருப்பிய அந்த நேரம் மறக்காது. முன்பாயைத் தளர்த்தி, பெரிய பாயை இறுக்கி, இருவரும் தாழ்ந்த பக்கம் சாய்ந்தோம். அணியம் காற்றுக்கு நேரே வந்து தயங்கியபோது, நீங்கள் முன்பாயைப் பழைய பக்கத்திலேயே இழுத்துப் பிடித்தீர்கள். பாயின் பின்புறமாக அடித்த காற்று அணியத்தைப் புதிய பக்கம் தள்ளிவிட்டது. பெரிய பாயை நான் முழுதாக விட்டேன், நீங்கள் முன்பாயை மாற்றினீர்கள். ஒரு வினாடி முந்தியிருந்தால் பழைய பக்கமே திரும்பியிருப்போம்.

பாதுகாப்புப் படகில் வந்த அண்ணன்களே, வந்ததும் கயிறு கட்டி இழுக்காமல், "ஓட்ட முடியுதா, இழுக்கணுமா?" என்று கேட்டீர்கள். அலை எங்கள் மேல் அடிக்காதபடி எஞ்சினைக் குறைத்து, சற்று விலகியே வந்தீர்கள். பின்காற்றில் ஓட வேண்டிய கடைசித் தூரம்தான் கடினமானது. பக்கவாட்டில் விரிந்த பெரிய பாய் அணியத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதை இறக்கிவிட்டு முன்பாயோடு மட்டும் வரச் சொன்னவர்கள் நீங்கள். உங்கள் வாளியை நீளக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்தோம். வாளியை எந்த ஓரத்துக்கு மாற்றினோமோ அந்தப் பக்கம் படகு மெல்லத் திரும்பியது. வாளி பத்திரமாக இருக்கிறது, இந்த வாரமே கொண்டுவந்து தருகிறோம்.

புது முளை பொருத்திக் கொடுத்த தம்பிக்கும் மனமார்ந்த நன்றி.

சார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுக்கான் இல்லாமல் ஓட்டும் பாடம் எப்போது என்று சொல்லுங்கள். எங்கள் படகையே எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் இருவரும் கூடவே இருந்து முன்பாயைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
படகில் இருந்த இருவரில் ஒருவன்