குடும்பத் தொழிலின் வாரிசுகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

அப்பாவோ தாத்தாவோ தொடங்கிய மில்லையும் பட்டறையையும் இன்று நடத்திக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் எழுதுகிறேன். பேச வந்தது விப்ரோ நிறுவனத்தை வளர்த்த அசீம் பிரேம்ஜியைப் பற்றி. அவரும் உங்களைப் போல வாரிசாக வந்து உட்கார்ந்தவர்தான்.

மகாராஷ்டிரத்தின் ஜல்கான் மாவட்டத்தில் அமல்னேர் என்று ஒரு சிற்றூர். அவருடைய அப்பா 1945இல் அங்கே சமையல் எண்ணெய் ஆலை தொடங்கினார். வெஸ்டர்ன் இந்தியா வெஜிடபிள் புராடக்ட்ஸ் என்ற அந்தப் பெயர் சுருங்கித்தான் விப்ரோ ஆனது. 1966இல் அப்பா திடீரென இறந்தார். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். வயது 21. முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே ஒரு பங்குதாரர் எழுந்து, பங்குகளை விவரம் தெரிந்தவர்களிடம் விற்றுவிடுங்கள் என்றாராம். அவர் விற்கவில்லை. வனஸ்பதி, சந்தூர் சோப்பு, பிறகு கணினி, மென்பொருள் என்று 53 ஆண்டுகள் நடத்திவிட்டு, 2019 ஜூலையில் மகன் ரிஷத்திடம் பொறுப்பைக் கொடுத்தார். தொழிலை வளர்த்த கதை என்னைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். அவர் சிக்கனமாக வாழ்ந்த கதைகளும் ஏராளமாக உலவுகின்றன. அவை எனக்கு முக்கியமில்லை.

அவர் கொடுத்த விதம்தான் முக்கியம். 2019 மார்ச்சில் சுமார் 52,750 கோடி ரூபாய் மதிப்புள்ள விப்ரோ பங்குகளின் பலனைத் தன் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். முன்பே கொடுத்தவற்றோடு சேர்த்தால் அன்றைய கணக்கில் 1,45,000 கோடி. விப்ரோ பங்குகளில் 67 சதவீதத்தின் வருமானம் இனி அறக்கட்டளைக்கு.

சோழர் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். சாகாத, மூப்படையாத ஆடுகள் என்று பொருள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய, நெய்யை வாங்கித் தராமல், 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்துவிடுவார்கள். மந்தை பெருகிக்கொண்டே இருக்கும், கொடுத்தவர் போன பிறகும் நெய் வந்துகொண்டே இருக்கும். பிரேம்ஜி கொடுத்தது மந்தையை.

நமக்குப் பழகியது நெய்தான், அதுவும் மார்ச் மாதத்து நெய். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கணக்கு ஆண்டு முடிகிற நேரத்தில்தான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது. என் பள்ளிக்கும் அப்படி ஒரு மார்ச்சில் வந்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டி, பேனர் கட்டி, பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. மாற்றித் தர ஆள் வரவில்லை. பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

கர்நாடகத்தில் என்ன நடந்தது பாருங்கள். அங்கே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள்தான் முட்டை கொடுத்தார்கள். மீதி நான்கு நாளும் கொடுப்பதற்கு பிரேம்ஜி அறக்கட்டளை 2024இல் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டது. சுமார் 1,500 கோடி ரூபாய், 55 லட்சம் பிள்ளைகள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய். நம் பள்ளிகளில் வாரம் ஐந்து நாளும் அரசே முட்டை தருகிறது, அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும். முட்டை கிடைக்கும் பள்ளியின் வருகைப் பதிவேடே வேறு மாதிரி இருக்கும்.

இதைவிடவும் நான் மதிப்பது இன்னொன்றை. கர்நாடகத்தின் யாத்கிர், சத்தீஸ்கரின் தம்தரி, ராஜஸ்தானின் டோங்க் போன்ற மாவட்டங்களில் அறக்கட்டளையின் ஆட்கள் அங்கேயே தங்கி, அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள். பெயர்ப்பலகை மாட்ட அதில் இடமே இல்லை. கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்று ஓர் ஆசிரியரோடு மாலை நேரத்தில் உட்கார்ந்து பேசுவதைப் படம் எடுத்து என்ன செய்ய முடியும்? அப்படி ஒருவர் என்னோடும் உட்கார மாட்டாரா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

பிரேம்ஜியின் அம்மா குல்பானு ஒரு மருத்துவர். மும்பையில் நடக்க முடியாத குழந்தைகளுக்கான மருத்துவமனையைப் பல பத்தாண்டுகள் முன்நின்று நடத்தியவர். கொடுக்கும் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது என்று மகனே சொல்லியிருக்கிறார். ஆலையோடு சேர்த்து வீட்டில் அவருக்கு இதுவும் கிடைத்திருக்கிறது.

உங்களிடம் 67 சதவீதம் கேட்கவில்லை. அடுத்த முறை குடும்பமாக உட்கார்ந்து பங்குகளைப் பேசும்போது ஒரே ஒரு சதவீதத்தை உங்கள் ஊர்ப் பள்ளிகளின் பெயரில் அறக்கட்டளையாக எழுதி வையுங்கள். திரும்ப எடுக்க முடியாதபடி எழுதுங்கள். அப்புறம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், கேமரா இல்லாமல், ஒருநாள் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும், அரைநாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை