எடை குறையட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்காதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தில் இருந்த செய்திகள் எல்லாமே சந்தோஷமானவை. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அம்மாவின் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கடைசியில், போகிறபோக்கில், ஒரு வரி எழுதியிருந்தாயே, "முதலில் இந்த எடை குறையட்டும், அப்புறம்தான் வண்டியைத் தொடுவேன்" என்று. அந்த வரிதான் மனசில் தங்கிவிட்டது. அதற்காகவே இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்.

நான் இதுவரை 11 கிலோ குறைந்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும், அவசரமில்லை. குறைந்த காலம் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்கு, கடைக்கு, வங்கிக்கு, எல்லாம் பைக்தான். நீ சொல்வதுபோல் எடை குறையும்வரை வண்டியை மூடி வைத்திருந்தால், பாதியிலேயே எல்லாவற்றையும் கைவிட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. சாயங்காலம் வேலை முடிந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால், வீடு வருவதற்குள் அன்றைய எரிச்சலில் முக்கால்வாசி வழியிலேயே கரைந்துவிடும். அது கரையாமல் வீட்டுக்குள் நுழைகிற நாட்களில்தான் கை நேராகச் சமையலறை டப்பாவுக்குப் போகும். உனக்கும் இது தெரியும், நீயும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று, வண்டி ஓட்டுவதே உடற்பயிற்சி ஆகிவிடும் என்று நினைத்துவிடாதே. நீண்ட தூரம் ஓட்டினால் உடம்பு அலுத்துப்போகிறது, உண்மைதான். அதில் பெரும்பகுதி காற்றும் வெயிலும் இடைவிடாத கவனமும் தருகிற அலுப்பு. அந்த அலுப்பை உழைப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு மடங்கு சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமான நடை மாதிரி ஏதாவது, கூடவே இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, அதை நான் தனியாகத்தான் செய்கிறேன்.

தசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எடை வேகமாகக் குறைகிறபோது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் சேர்ந்தே போகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது உடனே தெரியாமல் போகலாம். நமக்குத் தெரிந்துவிடும். போக்குவரத்து நெரிசலில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை நடுங்கும். சரிவான இடத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு இழுக்க முடியாது. ஓட்டும்போது வயிறும் முதுகும் தாங்காவிட்டால் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கிவிடும். வண்டியின் எடை மட்டும் அப்படியே இருக்கிறது, குறைகிறவள் நீதான். அதனால் எனக்குத் தராசு இரண்டாம் பட்சம். முழங்காலால் டேங்கைக் கவ்விப் பிடிக்க முடிகிறதா, சின்ன இடத்தில் காலை ஊன்றாமல் யூ டர்ன் போட முடிகிறதா, சென்டர் ஸ்டாண்ட் ஒரே மிதியில் ஏறுகிறதா, இதையெல்லாம்தான் பார்த்துக்கொள்கிறேன். உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், கைகளில் பாரத்தைத் தொங்கவிட்டு நடப்பது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்கிற பிளாங்க். என் பயிற்சி இவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் புரதம் உள்ள ஏதாவது தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

விழுந்த வண்டியைத் தூக்குவதுதான் உன் பெரிய பயம் என்று எனக்குத் தெரியும். 180 கிலோ வண்டியைக் குனிந்து நின்று கையால் தூக்கப் பார்த்தால் யாருக்கும் முதுகு போய்விடும், ஆணாக இருந்தாலும்தான். அதற்கு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை அணை, கியரில் போடு, அப்போதுதான் வண்டி உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடு, இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுசாகத் திருப்பு. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பின் பின்பக்கத்தைச் சீட்டில் ஒட்டவை. ஒரு கையால் ஹேண்டில் பிடியையும், மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொள். இரண்டு கையும் நேராக, முதுகும் நேராக இருக்கட்டும். இப்போது காலால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நட. வண்டி எழும். இதில் வேலை செய்வது தொடைதான். நம் தொடைகளைப் பற்றி இத்தனை வருஷமாக நாம் குறையாகவே பேசியிருக்கிறோம், ஆனால் உடம்பிலேயே வலுவான இடம் அதுதான்.

உன் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தாய். தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு நீ சோர்ந்துவிட்டாய் போலிருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழுகிற சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அதில் கண்டார்கள். அதாவது நீ மூன்று கிலோ குறைந்தாலே முழங்காலுக்கு அது பெரிய விஷயம். 20 கிலோ குறைந்தால்தான் பலன் என்று யாரோ உன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும்.

பட்டினி மட்டும் வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். தலை லேசாகச் சுற்றினால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம், இரண்டு சக்கரத்தில் போகும்போது அது முடியாது. முன்னால் போகிற வண்டி பிரேக் பிடித்ததைக் கண் பார்த்தாலும், கை போய்ச் சேரத் தாமதமாகும். முதல் வாரத்தில் தராசு சட்டென்று இறங்கினால் ஏமாந்துவிடாதே. உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு கிலோ கொழுப்பு போக வேண்டுமென்றால் சுமார் 7700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ, அதுவும் போகப்போக மெதுவாகும், ஏனென்றால் சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது. பலர் மனம் உடைவது அந்த இடத்தில்தான். உனக்கு மாத்திரைகள் வேறு இருக்கின்றன, அதனால் எதைத் தொடங்கினாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நீண்ட பயணத்தில் தண்ணீரையும் குறைக்காதே. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்று நாம் குடிக்காமல் கிளம்புகிறோமே, அந்தப் பழக்கத்தையும் விடு.

இனி, எனக்கு யாரும் முன்னால் சொல்லித் தராத ஒரு விஷயம். எடை குறைந்தால் வண்டியும் அதைக் கவனித்துவிடுகிறது. கொஞ்ச நாளாகப் பள்ளங்களில் பின்பக்கம் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. டயரில் காற்று அதிகமோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மெக்கானிக் என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளந்தார். சாலையில் ஓட்டுகிற வண்டி, ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் பொதுவாக 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். என் வண்டி அவ்வளவு இறங்கவில்லை, பழைய எடைக்குத் திருகி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. கொக்கி ஸ்பேனரால் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கிற இறுக்கத்தை, ஒரு படி தளர்த்தினார், அவ்வளவுதான், பின்பக்கம் படிந்துவிட்டது. இப்படித் தளர்த்துவதால் ஸ்பிரிங் மென்மையாகிவிடாது, வண்டி நிற்கிற உயரம்தான் மாறும் என்றும் விளக்கினார். எடை குறைந்ததும் சீட் சில மில்லிமீட்டர் உயர்ந்து நின்றிருக்கிறது. ஆனால் தொடை மெலிந்ததால் கால் முன்னைவிட நேராகத் தரைக்கு இறங்குகிறது. உன்னைப்போல நுனிக்காலில் நிற்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

அடுத்தது ஜாக்கெட். இதைத்தான் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். தொளதொளவென்று ஆனால் பார்க்க நன்றாக இருக்காது என்பதோடு முடிகிற விஷயமில்லை. முழங்கையில் இருக்கிற பேட், கீழே விழுந்து தேய்த்துக்கொண்டு போகும்போது சுழன்று பக்கவாட்டுக்குப் போய்விடும், எலும்பு நேராகத் தார் ரோட்டில் உரசும். ஓட்டுகிற மாதிரி கையை மடக்கிக்கொண்டு, மறு கையால் அந்தப் பேடைத் திருகிப் பார். எளிதாகச் சுற்றினால் அது பெரிய ஜாக்கெட். இடுப்பிலும் கையிலும் இருக்கிற பட்டையை இறுக்கிப் பார்க்கலாம், அதற்கும் மேல் போனால் சின்ன அளவு வாங்குவதுதான் வழி. நான் அப்படித்தான் வாங்கினேன், மனசு வலித்தாலும். பெண்களுக்கென்று தைத்ததாகத் தேடு. ஆண்களுக்கான சின்ன அளவில் தோள் சரியாக இருந்தால் மார்பு பிடிக்கும், மார்பு சரியாக இருந்தால் தோள் தொங்கும்.

ஹெல்மெட்டும் அப்படியே. கன்னம் வற்றினால் அது ஆட ஆரம்பிக்கும். வாரைப் பூட்டிக்கொண்டு, தலையை அசைக்காமல் ஹெல்மெட்டை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் பார். கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். பின்னாலிருந்து மேலே தள்ளினாலும் கழன்று வரக் கூடாது. பல ஹெல்மெட்டுகளுக்குத் தடிமனான கன்னத் தலையணை தனியாகக் கிடைக்கிறது, முழு ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டிய அவசியம் வராமல் போகலாம். கையுறையையும் போட்டுப் பார், விரல் நுனியில் துணி மடிந்து நின்றால் பிரேக்கைப் பிடிக்கும்போது இடைஞ்சல். அப்புறம் குளிர். முன்னே அதிகாலையில் ஜாக்கெட் மட்டும் போட்டுக்கொண்டு போவேன், இப்போது உள்ளே இன்னொன்று வேண்டியிருக்கிறது.

ஊரார் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்தாய். எடை இருந்தபோது "இந்த உடம்போடு பைக்கா" என்றார்கள். இப்போது அதே வாய்கள் "இப்படி மெலிந்துவிட்டாயே, இவ்வளவு பெரிய வண்டியைத் தாங்குவாயா" என்கின்றன. அமெரிக்காவில் 1916இல் அகஸ்டா, அடலின் என்று வான் பியூரன் சகோதரிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போனார்கள். ஓட்டுவதற்குத் தோதாகக் கால்சட்டை போட்டதற்காக, ஆண் உடை உடுத்தியதாகச் சொல்லி வழியில் போலீஸ் பிடித்தது. போர்க்காலத்தில் பெண்களும் தூது கொண்டுபோகும் வேலை செய்யலாம் என்று காட்டத்தான் கிளம்பினார்கள், ராணுவம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டிய பிறகும் கேள்வி உடையைப் பற்றித்தான். நம் உடம்பைப் பற்றிய கேள்வியும் அந்த வகைதான்டி. எந்த எடைக்குப் போனாலும் அது நிற்காது, அது நிற்கட்டும் என்று நீ காத்திருக்கவும் வேண்டாம்.

வண்டி நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும் இல்லையா? எடுத்தவுடன் ஓட்டாதே. பேட்டரி, டயரில் வெடிப்பு, பிரேக் ஆயில், செயின், பழைய பெட்ரோல், எல்லாவற்றையும் மெக்கானிக் பார்க்கட்டும். அப்படியே உன்னை உட்கார வைத்துப் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கச் சொல், இன்றைக்கு இருக்கிற எடைக்கே வைக்கச் சொல். குறையக் குறைய மாற்றிக்கொள்ளலாம், ஒரு ஸ்பேனர் வேலைதான். முதல் சில நாள் காலியான மைதானத்தில் மெதுவாகச் சுற்று, கிளட்சும் பின் பிரேக்கும் கைக்கும் காலுக்கும் பழகட்டும்.

மெக்கானிக் என்ன சொன்னார் என்று எழுது. முழங்காலுக்கு டாக்டர் எந்தப் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்பதையும் மறக்காமல் எழுது, ஸ்குவாட் உனக்கு ஆகுமா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி