ஏழாம் வகுப்பில் வந்த அம்மை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பதில் போட முடியவில்லை. பதறாதே, அக்கா கொடுத்த கிட்னி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வந்தது அக்கி.

முதலில் அக்கி என்றே தெரியவில்லை. இடது விலாவில் மூன்று நாள் எரிச்சல், சட்டை உரசினாலே சுள்ளென்றது. நெஞ்சுவலியோ என்று பயந்து உன் தங்கச்சி இசிஜி எடுக்க இழுத்துப் போனாள். நான்காம் நாள் பார்த்தால் முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கொப்புளம். அத்தை பார்த்ததுமே, "வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிட்டு வந்துரு" என்றார், பானை செய்கிற குயவர் வீட்டைத்தான். தாத்தாவின் தோளில் செங்காவி குழைத்துச் சிங்கம் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். சும்மா விட்டாலும் சில வாரத்தில் காய்ந்துவிடுகிற நோய், நல்ல பெயர் மட்டும் சிங்கத்துக்கு! ஆனால் அதெல்லாம் திடமான உடம்புக்காரர்களுக்கு. எனக்கு மறுநாளே பட்டையைத் தாண்டி வயிறு, கை, முகம் என்று சிதற ஆரம்பித்துவிட்டது. நுரையீரலுக்கும் கண்ணுக்கும் போய்விடக் கூடாதே என்று உடனே படுக்க வைத்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் நம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் சின்னம்மை போட்டதே, நினைவிருக்கிறதா? அக்கிக்கும் அதே வைரஸ்தானாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். அவள் இறங்கவே இல்லையாம்! அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் ஒண்டிக்கொள்கிறது. ரத்தத்தில் காவல் காக்கும் டி செல்கள் அதட்டி உட்கார வைத்திருக்கும் வரை எழுந்திருக்காது. நான் இரண்டு வேளையும் விழுங்கும் டாக்ரோலிமஸ் அந்தக் காவல்காரர்களைத்தான் தூங்க வைக்கிறது. அவர்கள் முழித்துக்கொண்டால் அக்காவின் கிட்னியை அந்நியன் என்று அடித்துவிடுவார்கள். ஆறு வருடமாக வெளிக்கிருமிக்குப் பயந்து முகக்கவசம் போட்டுத் திரிந்தேன். வந்ததோ வீட்டுக்குள்ளேயே இருந்த பழைய ஆள்.

டாக்டர்கள் பாடு பெரிய பாடு. மாத்திரையைக் குறைத்தால்தான் அக்கி அடங்கும், ரொம்பக் குறைத்தால் கிட்னி போய்விடும். கடைசியில், காவலை அடக்க நான் விழுங்கும் இன்னொரு மாத்திரையான மைக்கோஃபினோலேட்டை மட்டும் பாதியாக்கி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை ஏற்றினார்கள். அந்த மருந்தே கிட்னிக்குள் படிகமாகப் படியக்கூடியதாம், அதனால் கூடவே சலைன். தினமும் காலையில், கிட்னி ஒழுங்காக ஓடுகிறதா என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் எனக்கு இட்லி இறங்கும்.

தோல் டாக்டர் வந்தபோது அக்கியை விட என் விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். இரண்டு வருடமாக இருக்கும் மருக்கள். நானும் முதலில் பாலுண்ணி என்று அலட்சியமாக இருந்தேன். அது பாப்பிலோமா வைரஸ் வேலை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பே அதைத் துரத்திவிடும். எனக்குத் திரவ நைட்ரஜன் வைத்து மூன்று முறை பொசுக்கியும் மறுபடி முளைக்கிறது. உறுப்பு மாற்றியவர்களுக்கு வெயிலும் இந்த வைரஸும் சேர்ந்தால் தோல் புற்றுநோய் வரை போகலாமாம், வெள்ளைத்தோல்காரர்களுக்கு இன்னும் அதிகமாக. அதனால் இப்போதெல்லாம் முழுக்கை சட்டை, குடை. பார்த்தால் சிரிப்பாய்.

படுத்துக்கிடந்தபோது செல்போனில் நிறையப் படித்தேன். 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் 26 ஆண்களுக்குக் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் வந்திருப்பதாக ஒரு அறிக்கை வந்தது. பலருக்குத் தோலில் தெரிந்த திட்டுகள்தான் முதல் அடையாளம். அதற்கு அடியில் இருந்த, உடம்பின் காவலையே அழிக்கும் நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர் வைத்தது பிறகு; அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் இருந்த ஹெர்பீஸ் வைரஸைக் கண்டுபிடித்தது 1994-இல். கிட்னி மாற்றியவர்களுக்கும் அந்தப் புற்றுநோய் வருவதுண்டு, மாத்திரையைக் குறைத்தாலோ மாற்றினாலோ சிலருக்குச் சுருங்கியும் விடும். உள்ளே காவல் இல்லாததைத் தோல் எப்படி முதலில் காட்டிக்கொடுக்கிறது பார்.

அக்கிக்குத் தடுப்பூசி 2023-லிருந்து இங்கேயும் கிடைக்கிறது, இரண்டு டோஸ். உயிருள்ள வைரஸ் இல்லாததால் என் போன்றவர்களும் போடலாம். எனக்கு இதை முன்னாலேயே யாரும் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபம்தான். உனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேள். விலைதான் அக்கி மாதிரியே சுள்ளென்று இருக்கும்.

அப்புறம், பேரனைக் கூட்டிக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம். அக்கிக் கொப்புளத்திலிருந்து சின்னப் பிள்ளைக்கு அக்கி வராது, அம்மைதான் போடும். பொருக்கெல்லாம் உதிர்ந்ததும் நானே போன் பண்ணுகிறேன். நீ மட்டும் வேண்டுமானால் நாளைக்கே கிளம்பி வா. உனக்குத்தான் ஏழாம் வகுப்பிலேயே போட்டுவிட்டதே.

உன் மாப்ளே