முப்பது வயதுக் காருக்கு வழி விடுங்கள்: வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். வீட்டில் எனக்குக் கார் பைத்தியம் என்று பெயர். இந்த மடலின் ஆங்கில நகல் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்திருக்கும். இதைத் தமிழில் எழுதுவது, வெளிநாட்டுக் கார் விளம்பரங்களை நள்ளிரவு வரை பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு தூங்கப் போகும் என் இனத்து ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். அதுவரை ‘விண்டேஜ்’, அதாவது பழம்பெரும் வண்டி, என்ற இறக்குமதிச் சலுகை 1950க்கு முன் தயாரான வண்டிகளுக்கு மட்டுமே. காலம் ஓடியது, அந்தக் கோடு மட்டும் 1950லேயே நின்றது. அதை அழித்துவிட்டு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி வரலாம் என்று மாற்றினீர்கள். இனி வருடத்துக்கு வருடம் கோடும் நகரும். லம்போர்கினி மியூரா வரலாம். 1975 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான ஃபெராரி 308 ஜிடிபி இப்போதுதான் அந்தக் கோட்டைத் தாண்ட ஆரம்பித்திருக்கிறது. கண்ணாடியிழை உடலோடு வந்த அதன் முதல் வண்டிகளுக்குத்தான் இன்று மவுசு.

என் பேச்சு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கார்களைப் பற்றியது.

உங்கள் விதிப்படி பழைய கார் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இன்னும் ஐந்து வருடம் சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். சரி. மூன்று வயது வரை ஒரு வாசல், ஐம்பது வயதுக்கு மேல் இன்னொரு வாசல். வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கான தனி விதியை விட்டுவிட்டால், நடுவில் இருக்கும் நாற்பத்தேழு வருடத்துக் கார்களுக்கு வழியே இல்லை. இத்தாலிக்காரர்கள் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களில் என் வயதுக்காரர்கள் சுவரில் படம் ஒட்டிவைத்துப் பார்த்தவை அத்தனையும் அந்த நாற்பத்தேழுக்குள்தான் கிடக்கின்றன.

ஃபெராரி எஃப்355ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்தது. மூன்றரை லிட்டர் வி8 என்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஆக மொத்தம் நாற்பது. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே கீழே இறக்கியாக வேண்டும். அதற்கு அடுத்து வந்த 360 மோடெனாவில்தான் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றி வேலையை முடிக்கும் வசதி வைத்தார்கள். எஃப்355இன் உடலை வரைந்தது பினின்ஃபரினா. அந்தப் பினின்ஃபரினாவை 2015இல் வாங்க ஒப்பந்தம் போட்டது நம் மஹிந்திரா குழுமம். வரைந்த நிறுவனம் நம் கைக்கு வந்துவிட்டது, அது வரைந்த கார் வரக் கூடாது. 1995இல் பதிவான எஃப்355 ஒன்று 2045இல்தான் உங்கள் கோட்டைத் தாண்டும். அன்றைக்கு அந்தக் கிளட்சை மிதிக்க என் முழங்கால் சம்மதிக்குமா என்பது வேறு கவலை.

‘ஃபெராரி வாங்குகிறவனின் கஷ்டத்தை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்’ என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய விதி யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். ஐம்பது வயது தாண்டிய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெயர் பெற்றவை எல்லாம் ஏலத்தில் பல கோடி போகிறவை. மியூராவோ அதே லம்போர்கினியின் ஆரம்பகால கவுன்டாக்கோ வாங்கக்கூடியவருக்கு வாசல் திறந்திருக்கிறது. அதே இத்தாலியின் ஃபியட் கூப்பே, ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி போன்றவை இங்கே ஒரு புது ஹேட்ச்பேக் வாங்கும் பணத்துக்குள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. வலப்பக்க ஸ்டீயரிங்கோடும் கிடைக்கின்றன. அவற்றை ஆசைப்படுகிறவன் மாதச் சம்பளக்காரன், டாக்டர், என்னைப் போன்ற பட்டறைக்காரன். அவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

நான் பார்த்து வைத்திருப்பது அப்படி ஒரு ஜிடிவி. 1999இல் இங்கிலாந்தில் பதிவானது, மூன்று லிட்டர் வி6. பர்மிங்ஹாம் பக்கம் இருக்கும் என் நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வீடியோ காலில் காட்டினான். அந்தக் காரின் பானெட்டே தனி அழகு. கூட்டுப்பொருளில் வார்த்த ஒரே பெரிய மூடி. அதில் வட்ட ஓட்டைகள் போட்டு, உள்ளேயிருந்து விளக்குகள் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அதைத் தூக்கியதும் என்ஜினின் தலையில் ஆறு இன்டேக் குழாய்கள், மெருகேற்றி, வரிசையாக வளைந்து கிடந்தன. இருபத்தைந்து வருடம் கழித்தும் நண்பனின் முகம் அதில் தெரிந்தது. இந்த வி6 குடும்பத்தை வடிவமைத்தவர் ஜுசெப்பே புஸ்ஸோ. 2005 கடைசியில் ஆலையில் அந்த என்ஜின் உற்பத்தி நின்றது. சில நாட்களிலேயே, 2006 ஜனவரி தொடக்கத்தில், அவரும் போய்விட்டார். 

நண்பனைக் கீழே குனிந்து பின் சஸ்பென்ஷன் பக்கம் துரு இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். பெல்ட் மாற்றிய தேதி எழுதிய சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி என்ஜின் முடிந்தது, அதனால் அந்தப் பக்கம்தான் முக்கியம். முத்திரை சரியாக இருந்தது. விலையும் படிந்தது. அப்புறம் சென்னையில் தெரிந்த ஒரு கிளியரிங் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவர் என்னை முழுதாகப் பேசவே விடவில்லை. “சார், கப்பல்ல மட்டும் ஏத்திடாதீங்க. இங்க வந்தா வண்டியும் போகும், அபராதமும் விழும்” என்றார். அவ்வளவுதான்.

உங்கள் மூன்று வயது விதி ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை எடுத்தபோது, ஜப்பானிலும் மற்ற இடங்களிலும் கழித்துப் போட்ட கார்கள் மலிவாக வந்து குவிந்துவிடும், நம் ஆலைகள் படுத்துவிடும் என்ற பயம் இருந்தது. அது வீண் பயம் இல்லை. பல நாடுகளில் அப்படித்தான் ஆனது. ஆனால் முப்பது வருடத்து ஆல்ஃபாவை வாங்கி, பெல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் சம்பாதித்ததை எல்லாம் கொட்டுகிறவன் மாருதி ஷோரூமுக்குப் போக வேண்டிய வாடிக்கையாளன் இல்லை. அவன் வீட்டு வாசலில் தினமும் ஓட ஒரு மாருதி ஏற்கெனவே நிற்கும்.

மற்ற நாடுகள் இதற்கு ஒரு வயதை வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த காருக்கு அவர்களுடைய பாதுகாப்புத் தர விதிகள் பொருந்தாது, கொண்டுவரலாம். கனடாவில் 15. ஆஸ்திரேலியா உங்களைப் போலவே ஒரு காலத்தில் 1989 என்று ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2021இல் அதை விட்டு, நகரும் 25 ஆண்டு என்று மாற்றியது. பிரிட்டனில் 30 ஆண்டு கடந்து, தயாரிப்பு நின்றுபோய், அசல் நிலையில் இருக்கும் காரைச் சேகரிப்புப் பொருளாக ஏற்றால் சுங்கவரி கிடையாது, மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவும் 30 வயதைத்தான் வரலாற்று வாகனத்தின் அடையாளமாகச் சொல்கிறது.

ஆஸ்திரேலியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் வயது வரம்பைத் தளர்த்தினார்கள், மற்றபடி யாருக்கும் தயவு காட்டவில்லை. பழைய இத்தாலியக் காரின் பிரேக் லைனிங்கிலோ என்ஜின் கேஸ்கெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். 2003 கடைசியிலிருந்து அங்கே அது முழுத் தடை. அதனால் கப்பலில் ஏற்றும் முன்பே கழற்றி, பரிசோதித்து, மாற்றிக் காகிதத்தோடு அனுப்ப வேண்டும். போதாததற்கு ஒரு நாற்றப்பூச்சி வேறு. குளிருக்கு ஒதுங்க இடம் தேடி காரின் சந்து பொந்துகளில் புகுந்துகொள்ளும் பூச்சி அது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இத்தாலியிலிருந்து கிளம்பும் காரை சூடேற்றியோ புகையூட்டியோ சான்று வாங்காமல் இறக்க முடியாது. இத்தனைக்கும் அங்கே ஆட்கள் பொறுமையாகச் செய்கிறார்கள். நீங்களும் இதே மாதிரி எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள், செய்து முடிக்க நாங்கள் தயார். இன்று நிபந்தனையே இல்லை, வெறும் ‘கூடாது’தான்.

வரியைக் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியக் காரும் இந்திய வரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாடே ஒருமுறை பார்த்திருக்கிறது. பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களைச் சச்சின் டெண்டுல்கர் சமன் செய்ததற்காக 2002இல் அவருக்கு ஒரு ஃபெராரி 360 மோடெனா பரிசாகக் கிடைத்தது. சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். வரி விலக்குப் பேச்சு எழுந்து, ஊரெல்லாம் சண்டையாகி, கோர்ட் வரை போய், கடைசியில் ஒரு கோடிக்கு மேற்பட்ட அந்த வரியை ஃபியட் நிறுவனமே கட்டியது. சச்சினுக்கே அந்த நிலை என்றால் எனக்கு விலக்குக் கேட்க என்ன தகுதி? முழு வரியையும் கட்டுகிறேன். தமிழ்நாட்டில் பதிவுக்குப் போனால் சாலை வரி தனி, அதுவும் கட்டுகிறேன். காரின் விலையைவிட வரி கூடுதலாக வந்தாலும் முனகிக்கொண்டே கட்டுவேன். ஒன்றே ஒன்று: பழைய காரின் மதிப்பை அன்றைய ஷோரூம் விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் பார்ப்பது இந்த மாதிரி வண்டிகளுக்குப் பொருந்தாது. சில கார்கள் விழுந்திருக்கும், சில ஏறியிருக்கும். உண்மையான விற்பனை ரசீதையும் ஏல விலைகளையும் வைத்து மதிப்பிடுங்கள். அரசுக்கும் அதில் நஷ்டம் இல்லை.

நேர்வழி இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை வீடு வீடாகப் போய், பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சொகுசு வண்டிகளைத் தேடியதைப் பேப்பரில் படித்தோம். சில மாதங்களுக்கு மட்டும் என்று கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணத்தில் வரும் கார்கள் திரும்பிப் போகாமல் காணாமல் போவதும் பழைய கதைதான். அந்த வண்டிகளில் அரசுக்கு ஒரு பைசா வரவில்லை. ஒழுங்காக வரி கட்ட வரிசையில் நிற்கிறவனுக்கு மட்டும் கவுன்டர் மூடியிருக்கிறது.

இடப்பக்க ஸ்டீயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. லான்சியா டெல்டா இன்டெகிராலே, ஃபெராரி எஃப்40 போன்றவை ஆலையிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்ததே இல்லை. 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு உலக ராலி பட்டங்களை லான்சியாவுக்கு வாங்கித் தந்தது டெல்டா. ராலி பார்த்து வளர்ந்த கோவைக்காரனுக்கு அது சாதாரணக் கார் இல்லை. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று நம் மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. சைகை காட்டும் கருவி ஒழுங்காக இருந்தால் ஓட்டலாம் என்றுதான் 120ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் விட்ட இடத்தில் இறக்குமதி விதி ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

கேட்பது இதுதான். 50 என்ற இடத்தில் 30 என்று எழுதுங்கள். ஆளுக்கு ஒரு வண்டி, சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு விற்கக் கூடாது என்று கட்டுங்கள். வியாபாரிகள் கும்பலாக நுழைய முடியாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021இல் விண்டேஜ் வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசை எண் கொண்டுவந்து, அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததே, அதையே இந்த வண்டிகளுக்கும் நீட்டச் சொல்லி அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிவிட்டுத் துடைத்து மூடி வைக்கிறவர்கள், அந்தக் கட்டுப்பாடு எங்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. வண்டி இறங்கும் துறைமுகங்களில் சென்னையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இதனால் இந்த ஊருக்குப் பிழைப்பும் இருக்கிறது. கோவையில் வார்ப்பாலை, லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊர் இது. அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன காருக்கு வாட்டர் பம்ப் இம்பெல்லரோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ செய்து கொடுக்க எங்களால் முடியும். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் மாற்றுவதும் அப்படித்தான். மாதிரி ஒன்று கைக்கு வர வேண்டும், அவ்வளவே.

நான் பார்த்து வைத்த ஜிடிவி 1999ஆம் வருடத்து வண்டி என்று சொன்னேன். நீங்கள் நாளைக்கே 30 என்று மாற்றினாலும் அது 2029 வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதற்குள் வேறு யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். பரவாயில்லை, வேறு வண்டி கிடைக்கும். நிபந்தனைகளை எப்படி எழுதலாம் என்று பேச வேண்டுமென்றால் உங்கள் கோவை மண்டல அலுவலகம் எனக்கு ஸ்கூட்டரில் போகும் தூரம்தான். அழைத்தால் காகிதங்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பட்டறைக்காரன்